மடித்தால் வேலை செய்யாத நூறு பட்டைகள்

மேஜைமேல் நீட்டி வைத்துச் சோதித்தால் பட்டையில் ஒரு குறையும் இல்லை. மடித்துக் கிளிப்புக்குள் வைத்ததும் நாடி பார்க்கும் கருவி பூஜ்யம் காட்டியது. ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து வந்திருந்த வாடிக்கையாளர், பெட்டியிலிருந்து ஒவ்வொரு பட்டையாக எடுத்துத் தன் விரலில் மாட்டி மாட்டிக் காட்டினார். பத்துப் பட்டை மாட்டினார். பத்தும் பூஜ்யம்.

“நூறும் இப்படித்தான் சார். நான் உயிரோட இருக்கேன்னு எனக்குத் தெரியுது. உங்க பட்டைக்குத் தெரிய மாட்டேங்குது.”

அவர் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. ஆனால் பின்னால் நின்றிருந்த பிலிம் அண்ணன் களுக்கென்று சிரித்துவிட்டார். எங்கள் முதலாளி மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தார்.

“சிரிப்பு வர்றதா உனக்கு? பிலிமை எப்படி எடுத்துண்டு போனே?”

“எப்பவும் போலதான் சார். குழாயில சுருட்டிப் போட்டு எட்த்துகினு போனேன்.”

“பொய் சொல்லாதே. போன வருஷம் பஸ் கூட்டத்துல மடிச்சு எடுத்துண்டு போய்க் கோடு விழுந்துதே, மறந்துட்டியா? இதுவும் அதேதான். மடிப்பு விழுந்த எடத்துல கோடு மெலிஞ்சு போயிருக்கு. நீட்டினா ஒட்டிக்கறது, மடிச்சா விட்டுடறது. வேற என்னவா இருக்க முடியும்?”

நான் என் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், மந்தைவெளியில் ஒரு மாடி வீட்டின் இரண்டு அறைகளில் நடந்த கடை அது. நாங்கள் மூன்று பேர்தான். மின்சாரக் கருவிகளுக்குள் இருக்கும் போர்டுகளுக்கு வரைபடம் போட்டுத் தருவது தொழில். ரேடியோவின் முதுகைத் திறந்தால் பச்சை நிறத்தில் அட்டை போல ஒன்று இருக்குமே, அதுதான் போர்டு. முதலாளி மயிலாப்பூர்க்காரர், இன்ஜினீயர். நாங்கள் சார் என்போம். அவர் கணக்குப் பார்த்து எந்தப் புள்ளி எந்தப் புள்ளியோடு சேர வேண்டும் என்று தருவார். நான் வரைவேன். நான் வரைந்ததைப் பிலிமாக எடுத்து, ஓரம் கத்தரித்து, சரிபார்த்து, ஈக்காட்டுத்தாங்கலில் போர்டு செய்யும் பட்டறைக்குக் கொண்டு போய்க் கொடுப்பவர் பிலிம் அண்ணன். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். அடையாற்று ஓரத்திலிருந்து வருகிறவர். ஒன்பது வருடமாக மூன்று பேரும் அந்த இரண்டு அறைகளில்தான் இருந்தோம்.

நான் பத்தாவது வரை படித்தவள். அந்தக் காலத்தில் இந்த வேலைக்குப் படிப்பு வேண்டியிருக்கவில்லை, கை நடுங்காமல் இருந்தால் போதும். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேஜைமேல் பிலிமை விரித்து, மெல்லிய கறுப்பு டேப்பைக் கோடாகவும் வட்டப் பொட்டுகளைப் புள்ளிகளாகவும் ஒட்டிக்கொண்டே போக வேண்டும். யாரோடும் பேச வேண்டாம் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. சார் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். டேப்புக்குப் பதில் எலியைப் பிடித்து இழுக்கப் பழகினேன். மத்தியானம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவேன். போன் அடித்தால் எடுக்க மாட்டேன்.

இந்தப் பட்டை எங்களுக்குப் புதிது. ஃப்ளெக்ஸ் என்பார்கள். இப்போது ஃப்ளெக்ஸ் என்றால் தெருமுனை பேனர்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். இது வேறு. பழுப்பு மஞ்சள் நிறத்தில் காகிதம் போல வளையும் போர்டு. நடுவில் தாமிரக் கோடுகள், அவற்றுக்கு மேல் மூடியதுபோல ஒரு மெல்லிய பிலிம். வாடிக்கையாளர் செய்யப்போனது விரல் நுனியைக் கவ்விக்கொண்டு நாடித் துடிப்பைக் காட்டும் கருவி. கிளிப்பின் ஒரு பக்கம் சின்னச் சிவப்பு விளக்கு, எதிர்ப்பக்கம் அந்த வெளிச்சத்தைப் பார்க்கும் கண். இரண்டையும் இணைத்துக்கொண்டு விரலைச் சுற்றி மடங்கிப் போவதுதான் இந்தப் பட்டை.

வடிவம் வெளிநாட்டுக் கம்பெனியுடையது. கூரியரில் இரண்டு ஃபிளாப்பியும் ஒரு வரைபடத் தாளும் வந்தன. தாளில் இருந்த எழுத்து எங்கள் மூவருக்குமே படிக்கத் தெரியாத எழுத்து. அவர்கள் போட்டிருந்த விளக்கு இங்கே கிடைக்காது. இங்கே கிடைக்கும் விளக்குக்குக் கால்கள் கொஞ்சம் அகலம். அதற்கேற்ப இரண்டு புள்ளிகளைத் தள்ளி வைத்து, கோடுகளைத் திருத்தித் தர வேண்டும். என் பங்கு அவ்வளவுதான். இரண்டே நாளில் முடித்துவிட்டேன். மாதிரிக்குச் செய்த பட்டைகளைப் பட்டறையில் நீட்டி வைத்துச் சோதித்து எல்லாம் சரி என்றார்கள். பிறகு நூறு செய்தார்கள்.

“வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில டாக்டருங்க முன்னால காட்டணும் சார்” என்றார் வாடிக்கையாளர். “இன்னிக்குத் திங்கள்.”

சாருக்கு முகம் கறுத்துவிட்டது. அண்ணனைப் பார்த்துச் சொன்னார்: “நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்.”

சத்தமே இல்லாமல் சொன்னார். அதனால்தானோ என்னவோ எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் கோபப்பட்டுப் பார்த்திருக்கிறேன். வேலையை விட்டு யாரையும் நிறுத்திப் பார்த்ததில்லை. வாடிக்கையாளரே சங்கடப்பட்டு, “விடுங்க சார், முதல்ல என்னன்னு பாப்போம்” என்றார். சார் கேட்டதாகத் தெரியவில்லை. வாடிக்கையாளரை வழியனுப்பப் படியிறங்கும்போது என்னிடம், “எந்தக் கோடு மெலிஞ்சிருக்குன்னு லென்ஸ் வெச்சுப் பாரு. பட்டறைக்காரன்கிட்ட நான் பதில் சொல்லியாகணும்” என்றார்.

வாடிக்கையாளர் ஒரு பட்டையை மேஜைமேல் விட்டுப்போயிருந்தார். செய்து வந்த பட்டையை நான் கையில் எடுத்தது அப்போதுதான் முதல் தடவை. மாதிரியும் சரக்கும் பட்டறையிலிருந்து நேரே வாடிக்கையாளருக்குப் போய்விட்டன. நான் பார்த்ததெல்லாம் திரையில்தான்.

லென்ஸ் வைத்து ஒவ்வொரு கோடாகப் பார்த்தேன். ஒன்றும் மெலிந்திருக்கவில்லை. நான் இழுத்த அகலத்தில் அப்படியே இருந்தது. சரி, மடித்துப் பார்ப்போம் என்று, வாடிக்கையாளர் செய்தது போலவே விரலைச் சுற்றி மடித்தேன். விளக்கு வரும் இடத்துக்குப் பக்கத்தில் சதுரமாக நாக்கு போல ஒரு காலித் துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. அதில் கோடு கிடையாது, புள்ளி கிடையாது. இது எதற்கு என்று யோசித்துக்கொண்டே அதையும் மடித்தேன். சரியாக நான் தள்ளி வைத்த இரண்டு புள்ளிகளின் மேல் போய் அது மூடிக்கொண்டது. விளக்கின் கால்கள் வேறெதிலும் பட்டுவிடாமல் இருக்க ஒரு மூடி.

அந்த மூடியை மறுபடி திறந்து அதன் உள்பக்கத்தை லென்ஸில் பார்த்தேன்.

நடுவில், மிளகு அளவுக்கு, பளபளவென்று தாமிரத்தில் ஒரு பிள்ளையார் சுழி.

கை லென்ஸை விட்டுவிட்டது. அது மேஜையில் உருண்டு கீபோர்டில் இடித்து நின்றது. கீழே தெருவில் யாரோ காய்கறி கூவிக்கொண்டு போனது எங்கேயோ தூரத்தில் கேட்பது போலிருந்தது. அது என் சுழி. என் கைச் சுழிப்பு எனக்குத் தெரியாதா?

மளிகைச் சீட்டு எழுதினாலும் சுழி போட்டுவிட்டு எழுதுகிற கை என்னுடையது. டேப் ஒட்டிய காலத்தில், முதல் கோட்டுக்கு முன்னால் பிலிமின் ஓரத்தில் டேப்பைச் சின்னதாக வளைத்து ஒரு சுழி போடுவேன். ஓரம் எப்படியும் கத்தரிபட்டுப் போகும். கம்ப்யூட்டர் வந்த பிறகும் விடவில்லை. ஃபைலைத் திறந்ததும் முதலில் சுழி. அதிலும் ஒரு வசதி இருந்தது: எல்லா லேயரிலும் ஒரே நேரத்தில் போடலாம். போர்டு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்த பல படங்கள். கோட்டுக்கு ஒரு லேயர், புள்ளிக்கு ஒன்று, மேல் பிலிமில் எங்கே திறப்பு வர வேண்டும் என்பதற்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் சாமி துணை இருக்கட்டும் என்று எல்லாவற்றிலும் போடுவேன்.

போடும் இடம் எப்போதும் போர்டுக்கு வெளியேதான். வெளிநாட்டு ஃபைல்களில் ஓரத்தில் ஒரு கட்டம் இருக்கும். படத்தின் பெயர், எண் எல்லாம் அதற்குள் இருக்கும். அவர்களுடைய ஃபைலை எங்கள் சாஃப்ட்வேருக்கு மாற்றும்போது லேயர்களின் பெயர் போய் வெறும் எண் வரும், எழுத்தெல்லாம் உதிர்ந்துவிடும், வெறும் கட்டம் மட்டும் மிஞ்சும். அப்படி எத்தனையோ வெற்றுக் கட்டங்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குள் சுழி போடுவது தாளின் உச்சியில் போடுவது போல எனக்கு. இந்த ஃபைலிலும் ஓரத்தில் ஒரு வெற்றுக் கட்டம் இருந்தது. நான் வரைபடத் தாளை எடுத்து அது என்ன கட்டம் என்று பார்க்கவே இல்லை. போட்டுவிட்டேன். அந்தக் கட்டம்தான் இந்த மூடி.

கோட்டு லேயரில் போட்டதால் அங்கே தாமிரம் வந்தது. திறப்பு லேயரிலும் போட்டதால் அதே இடத்தில் மேல் பிலிம் வெட்டுப்பட்டுத் தாமிரம் வெளியே தெரிந்தது. மடித்ததும் அந்தச் சுழி இரண்டு புள்ளிகளையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டது, விளக்கு எரியாமல் போய்விட்டது. நீட்டி வைத்தால் எதையும் தொடாது.

சார் மேலே வந்து தன் அறையில் போனைச் சுழற்றும் சத்தம் கேட்டது. பட்டறைக்காரரிடம் பேசினார். “எங்க பக்கத்துத் தப்புதான். பிலிம்காரன் கவனக்குறைவு. அவனை நிறுத்திட்டேன்” என்றார். நான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன், நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது போனில் வேறு யாரிடமோ அதையே மறுபடியும் சொன்னார். அப்போதும் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் எழுந்து போனேன். ஆனால் சாரிடம் இல்லை, பின்பக்க பால்கனிக்கு. அண்ணன் அங்கே டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். பிலிம் வெட்டும் கத்தியையும் ஸ்கேலையும் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தார். அவை அவருடைய சொந்தப் பொருள்கள்.

“அண்ணே, பிலிம்ல ஒண்ணும் இல்ல.”

“தெரியும்.”

“தெரியுமா?”

டப்பாவைக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்துக் காட்டினார். மாதிரிக்குச் செய்ததில் ஒன்று, பட்டறையிலிருந்தே எடுத்து வந்தது. “ஒம்போது வருசமா நீ போட்ற சுழிய ஓரத்தோட கத்திரிச்சு நான்தான் போட்டுகினு இருந்தேன். மொத தபா நெஜப் பட்டையிலயே ஏறி வந்துச்சு. வேணும்னுதான் போட்டுகிறன்னு நெனச்சேன். பாக்க நல்லா கீதேன்னு பாக்கெட்ல வெச்சிகினேன். காலைல அந்தாளு மடிச்சுக் காட்டுனாரு பாரு, அப்பதான் எனக்கே புரிஞ்சுது.”

“அப்பவே ஏன் சொல்லலை?”

“இன்னான்னு சொல்றது? சார், நான் இல்ல, சாமிதான் ஷார்ட் பண்ணிட்டாருன்னா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “உங்கள நிறுத்திட்டேன்னு சார் போன்ல சொல்றாரு அண்ணே.”

“சொல்லட்டும். எனக்கு எங்கனா ஒரு எடத்துல வேல கெடைக்கும்மா. நீ இன்னா பண்ணுவ? போன் அடிச்சாலே எட்த்துப் பேச மாட்ட. உன்ன அனுப்பிட்டா எந்தப் படியேறி வேல கேப்ப?”

பரிவாகத்தான் சொன்னார். கன்னத்தில் அறை விழுந்தது போலிருந்தது எனக்கு. என்னைப் பற்றி ஒருவர் இவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறார், அதற்காகத் தன் வேலையையே விடப் போகிறார், நான் உள்ளே உட்கார்ந்து போன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சுழியைப் பார்த்த அதிர்ச்சி இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

நேரே சார் அறைக்குப் போனேன். அவர் போனை வைக்கும் வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“சார், பிலிம் சரியா இருக்கு. தப்பு என்னோடது.”

“என்ன உளர்றே?”

பட்டையையும் லென்ஸையும் மேஜைமேல் வைத்தேன். குனிந்து பார்த்தார். “என்னது இது, சுழியா?” என்றார். இரண்டு கையும் தானாகக் கன்னத்தில் போட்டுக்கொள்ள எழுந்து, பாதியில் நின்றன. பிறகு மூடியை மடித்தார், திறந்தார், மறுபடி மடித்தார். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

“கடவுளே” என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, “இது உனக்கு எப்போ தெரிஞ்சுது?”

“ஒரு மணி நேரம் இருக்கும் சார்.”

“நான் போன்ல பேசிண்டிருந்தப்பவே தெரியுமா?”

“தெரியும் சார்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. என்னைத் தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு போனை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“கஸ்டமருக்கு நீயே சொல்லு.”

ஒன்பது வருடத்தில் அந்தப் போனை நான் தொட்டதில்லை. இரண்டு தடவை தப்பான எண்ணைச் சுழற்றினேன். மூன்றாவது தடவை அவரே எடுத்தார். நான் யார் என்று சொல்வதற்கே நேரமாயிற்று. பிறகு சுழியைப் பற்றிச் சொன்னேன்.

“என்னம்மா சொல்றீங்க, புள்ளையாரா?”

“ஆமா சார்.”

“அதைச் சுரண்டி எடுத்துட்டா சரியாயிடுமா?”

“எடுக்க வேண்டாம் சார். சூடு தாங்குற டேப் மேல ஒட்டினாப் போதும். மூடிக்கும்.”

“அப்போ வந்து ஒட்டிக் குடுங்க. இன்னிக்கே.”

சார் தலையை அசைத்தார். “போ. அவனையும் கூட்டிண்டு போ. டேப்பு வெட்ட ஒரு கை வேணுமே” என்றார். அவ்வளவுதான். வெளியே வந்தபோது அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். டேப் உருளையை எடுத்துக்கொண்டு என்னோடு படியிறங்கினார்.

ஈக்காட்டுத்தாங்கலில் வாடிக்கையாளர் கருவி செய்யும் இடம் ஒரு தகரக் கொட்டகை. மஞ்சள் டேப்பை நான் கடலைப்பருப்பு அளவுக்கு வெட்டி வெட்டிக் கொடுக்க, அண்ணன் இடுக்கியால் எடுத்து ஒவ்வொரு சுழியின் மேலும் ஒட்டினார். முதல் பட்டையை மடித்துக் கிளிப்பில் வைத்து வாடிக்கையாளர் விரலில் மாட்டினார். எழுபத்தெட்டு என்று வந்தது. அவர் மூச்சு விட்டது எங்களுக்குக் கேட்டது. அடுத்ததை என் விரலில் மாட்டினார். நூற்றுப் பதினெட்டு.

“ஏம்மா, மந்தைவெளிலேர்ந்து ஓடியா வந்தீங்க?”

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். நூறையும் ஒட்டி, நூறையும் மடித்துப் பார்த்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அண்ணன் ஒவ்வொன்றையும் மூன்று தடவை மடித்து மடித்துப் பார்த்தார். ஒன்று டேப் சற்று விலகியிருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். வாடிக்கையாளர் அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ பேசினார்.

பஸ் ஸ்டாப்பில் நின்றபோதுதான் அண்ணன் சொன்னார். “நாளைலேர்ந்து இங்கதான் வேல. மடிச்சுப் பாக்க ஒரு ஆளு வோணும்னாரு.”

“ஏன் அண்ணே? நான்தான் சார்கிட்ட சொல்லிட்டேனே!”

“நீ சொன்ன. அவரு எங்கிட்ட இன்னா சொன்னாரு?”

யோசித்துப் பார்த்தேன். காலையில் வர வேண்டாம் என்று சொன்னதற்குப் பிறகு சார் அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. கூட்டிண்டு போ என்று சொன்னதும் என்னிடம்தான்.

“உம்மேல எனக்குக் கோவம் இல்லம்மா. நெசமா இல்ல. ஒரு தபா மடிச்சிட்டேன், ஒத்துக்கறேன். அதுக்காவ எது ஒடஞ்சாலும் மொதல்ல என் மூஞ்சியப் பாப்பாரா?”

அதற்குள் ஒரு பஸ் வந்தது. அது அடையாறு போகிற பஸ் இல்லை. அண்ணன் அதில் ஏறப் போனார். “இது வேற ரூட் அண்ணே” என்றேன். படியில் கால் வைத்தபடியே திரும்பினார். “ஆத்தோரக் குடிசையெல்லாம் காலி பண்ணி ஒண்ர வருசம் ஆவுது. பெருங்குடியாண்ட கீறோம். ரெண்டு பஸ்ஸு மாறணும்” என்றார். பஸ் நகர்ந்துவிட்டது. ஒன்றரை வருடமாக அவர் எனக்கு முன்பே வந்து கடை திறந்து வைத்திருப்பார். எங்கிருந்து வருகிறார் என்று நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

மறுநாள் காலை கடையை நானே திறந்தேன். ஃபைலை எடுத்து ஒவ்வொரு லேயராகப் போய்ச் சுழியை அழித்தேன். ஒவ்வொன்றுக்கும் நிச்சயமாகவா என்று கேட்டது. ஆமாம் என்று தட்டிக்கொண்டே போனேன். போடுவது ஒரே தட்டாக இருந்தது, அழிப்பது அப்படி இல்லை. அதற்குப் பிறகு சுழி என் நோட்டுப் புத்தகத்தில் மட்டும்தான். புதுப் பிலிமை எடுத்து, ஓரத்தை அண்ணன் வெட்டுகிற மாதிரி நேராக வெட்ட வராமல் கோணலாக வெட்டினேன்.

சார் பத்து மணிக்கு வந்தார். சுற்றிப் பார்த்தார்.

“அவன் வரலியா?”

“வரமாட்டார் சார்.”

“ஏன்? அதான் அவன் மேல தப்பு இல்லேன்னு தெரிஞ்சுடுத்தே.”

“நமக்குத் தெரிஞ்சுது சார். அவர்கிட்ட யாரும் சொல்லலையே.”

நானா பேசினேன் என்று எனக்கே திடுக்கென்றது. சார் ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார். “அவன் வீடு எங்கே இருக்கு? அடையார்ல எந்த எடம்?” என்று கேட்டார்.

“அடையார்ல இல்ல சார். பெருங்குடி. எந்தத் தெருன்னு எனக்கும் தெரியாது.”

“பெருங்குடியா? எப்போலேர்ந்து?”

“ஒன்றரை வருஷமா.”

சார் சாவியை மேஜைமேல் வைத்தார். அவருடைய முகத்தில் அப்படி ஒரு திகைப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. முந்தின நாள் பஸ் ஸ்டாப்பில் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். அண்ணன் எங்கே வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேன். சார் வாடிக்கையாளரின் எண்ணைச் சுழற்றினார்.

“நான்தான் பேசறேன். அவரைக் கொஞ்சம் கூப்பிடுங்கோ.”

உட்காராமல் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் ஏதோ மெஷின் ஓடும் இரைச்சல் எனக்கே கேட்டது. அண்ணன் போனுக்கு வந்ததும் சார் சொன்னார்.

“நேத்திக்கு நான் பேசினது தப்பு. பிலிம்ல ஒண்ணும் இல்லே. எல்லார் எதிர்லயும் சொன்னேன், அதுவும் தப்பு. பட்டறைக்காரன்கிட்டயும் நானே சொல்லிடறேன்.”

அந்தப் பக்கம் அண்ணன் என்னவோ சொன்னார். கொஞ்சம் நீளமாகத்தான் சொன்னார். சார் சரி, சரி என்றார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

“வரமாட்டாராம்.”

பிலிமைப் பட்டறைக்கு எடுத்துப் போக ஆள் இல்லை. அதைக் குழாயில் சுருட்டிப் போட்டு, மூடியை அழுத்தி மூடி, நானே எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.